60ஆம் நாள் குற்றப்பத்திரிகை, 31ஆம் நாளே பதவி பறிப்பா?

அரசமைப்பு 130ஆம் திருத்த மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் மாவட்ட நீதிமன்றங்களில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல். எந்தக் கட்சியிலும் இல்லை.

2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவைக்கு வந்த இந்த மசோதாவின் சாரம் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் கைதாகி, தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ, 31ஆம் நாள் பதவி போய்விடும். சிறையிலிருந்து ஆட்சி நடத்தலாமா என்றால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன். 2024இல் டெல்லி முதலமைச்சர் திகாரில் இருந்தபடி பதவியில் நீடித்தது எனக்கும் பிடிக்கவில்லை. என் சண்டை அந்த 30 நாளோடுதான்.

கீழ்க்கோர்ட்டில் 30 நாள் என்பது இரண்டு ரிமாண்டு. முதலில் 15 நாள். அது முடிந்ததும் பெரும்பாலும் ஆளைக் கோர்ட்டுக்குக்கூடக் கொண்டுவர மாட்டார்கள். சிறையிலிருந்து காணொலித் திரையில் முகம் தெரியும், பெயரைக் கேட்பார்கள், காவல் நீட்டிப்பு, அடுத்த ஆள். இடையில் ஜாமீன் மனு போட்டால் பதில் மனு தாக்கல் செய்ய அரசுத் தரப்பு வாய்தா கேட்கும். தள்ளுபடியானால் செஷன்ஸ், பிறகு ஹைகோர்ட். மாதம் ஓடிவிடும். இத்தனைக்கும் குற்றப்பத்திரிகை வந்திருக்காது, வர வேண்டிய கட்டாயமும் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவு அதற்கு 60 நாள், கடுமையான குற்றமென்றால் 90 நாள் கெடு தருகிறது. இவர் செய்த குற்றம் இன்னது என்று புலனாய்வு அமைப்பு எழுதிக்கொடுக்கும் முன்பே, மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் வீட்டுக்குப் போயிருப்பார்.

பணமோசடித் தடுப்புச் சட்டம் என்றால் இன்னும் மோசம். அதன் 45ஆம் பிரிவுப்படி, இவர் குற்றவாளியல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிமன்றத்துக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். 2022இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. டெல்லி துணை முதல்வராக இருந்த மணீஷ் சிசோடியா 17 மாதம், தமிழக அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி 15 மாதம் உள்ளே இருந்தார்கள். கைதுக்கு முன்பே ஜார்க்கண்ட் முதல்வர் பதவியை ராஜினாமா செய்த ஹேமந்த் சோரனுக்கு ஐந்து மாதம் கழித்து ஜாமீன் கொடுத்த ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம், அவர் குற்றவாளியல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது என்றது.

பிரதமரையும் சேர்த்திருக்கிறோமே என்கிறீர்கள். பணமோசடி வழக்கில் கைது செய்யும் அமலாக்கத் துறை யாருடைய அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது?

இன்னொரு வாதம்: 48 மணி நேரம் காவலில் இருந்தால் அரசு குமாஸ்தா சஸ்பெண்ட் ஆகிறாரே, அமைச்சருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை? கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் குமாஸ்தாவுக்கு அது தற்காலிக நீக்கம்தான். பிழைப்பூதியம் உண்டு, டிஸ்மிஸ் செய்வதென்றால் அரசமைப்பின் 311ஆம் பிரிவு விசாரணை கேட்கிறது, அல்லது கோர்ட் தண்டித்திருக்க வேண்டும். உங்கள் மசோதா செய்வது டிஸ்மிஸ். காவலிலிருந்து வெளியே வந்ததும் மீண்டும் நியமிக்கலாம் என்று ஒரு வரி இருப்பது உண்மை. தலைவர் இல்லாத ஒரு மாதத்தில் கூட்டணி எம்எல்ஏக்கள் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை உறுப்பினர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுவரை நம் சட்டம் பிடித்திருந்த இடம் வேறு. 2001 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெயலலிதாவின் முதல்வர் நியமனத்தை ரத்து செய்தபோது, அவருக்கு விசாரணை நீதிமன்றம் ஏற்கெனவே தண்டனை விதித்திருந்தது. 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் எம்பி, எம்எல்ஏ பதவி உடனே போகும் என்றதும் தண்டனைக்குப் பிறகுதான். இரண்டிலும் ஒரு நீதிபதி சாட்சியங்களைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

ஆகவே என் கோரிக்கை: பதவி நீக்கத்தைக் கைதோடு முடிச்சுப் போடாதீர்கள். நீதிமன்றம் இரு தரப்பையும் கேட்டுக் குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் நாளோடு முடிச்சுப் போடுங்கள். அதுவரை, காவலில் இருப்பவரின் இலாகாக்களை இன்னொரு அமைச்சர் கவனிக்கட்டும். கோப்பில் அவர் கையெழுத்துச் செல்லாது என்றே எழுதுங்கள். அதற்கு நான் முழுமனதோடு கைதூக்குவேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்