பாபா யாகாவின் பல்லைப் பிடுங்காதீர்கள்

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைத் தமிழில் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் தொகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ரஷ்யக் கதைகள் மறுபடியும் தமிழில் வரத் தொடங்கியதில் என் போன்றவர்களுக்கு உள்ள மகிழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி இங்கே மலிவு விலைக்குக் கிடைத்த சோவியத் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர்களில் பலர் இன்று தாத்தா பாட்டிகள். 1991-க்குப் பிறகு அந்த வரத்து நின்றுபோயிற்று. பெரிய இடைவெளிக்குப் பின் அந்தக் கதைகளை நீங்கள் கையில் எடுத்திருக்கிறீர்கள். விடுமுறை நாட்களில் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் எனக்கு அது பெரிய உதவி.

ஆனால், அண்மையில் வாங்கிய சில தொகுப்புகளைப் பற்றி உங்களிடம் பேசியே ஆக வேண்டும். ஒன்றில், மூலக்கதையில் நரி தின்றுவிடும் கலபோக் என்ற உருண்டை ரொட்டி, நரியிடமிருந்து தப்பித்து வீட்டுக்கு ஓடிவந்துவிடுகிறது. இன்னொன்றில், பாபா யாகா என்ற சூனியக் கிழவி வசிலீசாவின் நல்ல குணத்தைக் கண்டு மனம் திருந்தி, அவளுக்கு ஓர் அழகான விளக்கைப் பரிசாகத் தருகிறாள். அட்டையில் ‘ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள்’ என்று இருக்கிறது. எதிலிருந்து எடுத்தது, யார் மொழிபெயர்த்தது, யார் மாற்றியது என்பதற்கு உள்ளே ஒரு வரி கிடையாது.

பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்ற அக்கறையில்தான் இப்படிச் செய்திருப்பீர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதனால் எதை இழக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். வசிலீசாவின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

அவளுக்கு எட்டு வயது. தாய் சாகக் கிடக்கிறாள். மகளை அழைத்துப் போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொம்மையை எடுத்துக் கொடுத்து, யாரிடமும் காட்டாதே, துன்பம் வரும்போது இதற்குச் சாப்பிடக் கொடுத்து யோசனை கேள் என்று சொல்லி முத்தமிட்டுவிட்டு இறந்துபோகிறாள். பிறகு மாற்றாந்தாய் வருகிறாள், அவளுடைய இரண்டு பெண்களும் வருகிறார்கள். ஒரு நாள் வேண்டுமென்றே வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, காட்டுக்குள் போய் பாபா யாகாவிடம் நெருப்பு வாங்கி வா என்று வசிலீசாவைத் துரத்துகிறார்கள். வழியில் வெள்ளைக் குதிரையில் வெள்ளை வீரன் போகிறான், விடிகிறது. சிவப்பு வீரன் போகிறான், சூரியன் எழுகிறது. கறுப்பு வீரன் போகிறான், இருட்டிவிடுகிறது. யாகாவின் குடிசைக்கு மனித எலும்புகளால் வேலி. வேலிமேல் கண்ணுள்ள மண்டையோடுகள். கதவு நிலைகளுக்குப் பதில் கால்கள், தாழ்ப்பாளுக்குப் பதில் கைகள், பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கூரான பற்கள் கொண்ட வாய். உரலில் ஏறி உலக்கையால் ஓட்டிக்கொண்டு, போன தடத்தைத் துடைப்பத்தால் அழித்தபடி கிழவி வந்து சேர்கிறாள்.

கோதுமையைப் பொறுக்கு, கசகசாவிலிருந்து மண்ணைப் பிரி என்று அவள் ஏவும் வேலைகளையெல்லாம் பொம்மையின் துணையால் வசிலீசா முடிக்கிறாள். குதிரை வீரர்களைப் பற்றிக் கேட்கிறாள், பதில் கிடைக்கிறது. வீட்டுக்குள் பார்த்ததைப் பற்றி மட்டும் கேட்காமல் விடுகிறாள். வெளியில் பார்த்ததைக் கேட்டாய், உள்ளே இருப்பதைக் கேட்கவில்லை, அது நல்லதாயிற்று என்கிறாள் கிழவி. அளவுக்கு மீறித் துருவுகிறவர்களை அவள் தின்றுவிடுவாளாம். எதைக் கேட்கலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதைப் பகை வீட்டில் நிற்கும் ஒரு சிறுமி தானாகவே கண்டுகொள்ளும் அந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். எப்படி எல்லா வேலையையும் முடித்தாய் என்று கிழவி கேட்க, அம்மாவின் ஆசி என்கிறாள் வசிலீசா. ஆசி பெற்றவர்கள் எனக்கு இங்கே வேண்டாம் என்று அவளை வெளியே தள்ளி, கண்கள் எரியும் மண்டையோடு ஒன்றைக் குச்சியில் குத்திக் கையில் கொடுத்தனுப்புகிறாள் யாகா.

வீட்டிலோ, அவள் போன நாளிலிருந்து நெருப்பே நிற்கவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த நெருப்பும் உள்ளே நுழைந்ததும் அணைந்துபோனது. ஆகவே மண்டையோட்டை வரவேற்று உள்ளே எடுத்துப்போகிறார்கள். அதன் கண்கள் மாற்றாந்தாயையும் அவள் பெண்களையும் போகுமிடமெல்லாம் தொடர்கின்றன. விடிவதற்குள் மூவரும் கரியாகிவிடுகிறார்கள். வசிலீசாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் அவள் மண்டையோட்டை மண்ணில் புதைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போகிறாள்.

அவர்கள் கேட்டனுப்பிய நெருப்புதான் அவர்களை எரித்தது. அங்கே அழகான விளக்கை வைத்துவிட்டால் அவள் ஏன் காட்டுக்குப் போனாள் என்பதற்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. யாகாவைத் திருத்திவிட்டால் தாயின் ஆசிக்கும் வேலையில்லை. தாயில்லாத பிள்ளைகளும் நம்மிடம் கதை கேட்கிறார்கள். இறந்த அம்மா கொடுத்த ஒன்று சட்டைப் பையில் இருந்தால் அந்தக் குடிசைக்குள்கூடப் போய்த் திரும்பலாம் என்பதை இந்தக் கதை சொல்வதுபோல் வேறெதுவும் அவர்களுக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. அதைச் சொல்வதற்குக் குடிசை பயங்கரமாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த வெட்டும் வேலை ரஷ்யாவிலேயே பழையது. கவிஞர் புஷ்கின் 1830-இல் எழுதிய ‘பாதிரியார், வேலையாள் பல்தா’ என்ற கதையில், கஞ்சப் பாதிரியார் நெற்றியில் மூன்று சுண்டு வாங்கிப் புத்தி பேதலித்துப் போகிறார். புஷ்கின் இருந்தவரை அது அச்சேறவில்லை. அவர் இறந்தபின் 1840-இல் கவிஞர் ஷுக்கோவ்ஸ்கி அதை வெளியிட்டபோது பாதிரியாரை வணிகராக மாற்ற வேண்டியிருந்தது. புஷ்கினின் ‘பொற்சேவல்’ கதையில், கதை பொய்தான், ஆனாலும் அதில் ஒரு குறிப்பு உண்டு, நல்ல பிள்ளைகளுக்குப் பாடம் உண்டு என்று வரும் முடிவு வரிகளைத் தணிக்கையாளர் நீக்கிவிட்டார். 1835-இல் தன் நாட்குறிப்பில் புஷ்கின் அதைக் குறித்துக் கொதித்திருக்கிறார்.

நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அலெக்சாந்தர் அஃபனாசியெவின் வாழ்க்கை இன்னும் வேதனையானது. 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக ஏறத்தாழ 600 நாட்டுப்புறக் கதைகளை அவர் வெளியிட்டார். தாமே நேரில் கேட்டு எழுதியவை மிகச் சில. புவியியல் சங்கத்தின் ஆவணங்களிலிருந்தும், அகராதி ஆசிரியர் விளாதிமிர் தால் திரட்டி வைத்திருந்தவற்றிலிருந்தும் எடுத்துத் தொகுத்தார். ஒரே கதைக்குப் பல வடிவங்கள் இருந்தால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். 1859-இல் அவர் கொண்டுவந்த சமயக் கதைகளின் தொகுப்பு தடை செய்யப்பட்டது. ஜார் ஆட்சியை எதிர்த்து லண்டனிலிருந்து எழுதிய ஹெர்சனின் வட்டத்தோடு தொடர்பு என்ற சந்தேகத்தில் 1862-இல் வேலை போயிற்று. வறுமையில் தன் நூல்களை விற்க வேண்டி வந்தது. 1871-இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 45 வயது. நாம் ‘ரஷ்யக் கதை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவற்றில் பெரும்பகுதி அந்த மனிதரின் கை வழியாக வந்தவை. தமிழ்த் தொகுப்புகளில் அவர் பெயராவது இருக்கட்டும்.

சோவியத் காலத்திலும் இது தொடர்ந்தது. 1928 பிப்ரவரியில், கல்வித் துறையில் பெரும் செல்வாக்கு பெற்றிருந்த க்ரூப்ஸ்கயா, குழந்தைக் கவிஞர் கர்னேய் சுக்கோவ்ஸ்கியின் ‘முதலை’ என்ற குழந்தைப் பாடலைக் கட்சி நாளிதழான பிராவ்தாவில் தாக்கி எழுதினார். பேசும் விலங்குகளும் மாயங்களும் குழந்தையின் உலகப் பார்வையைக் கெடுத்துவிடும் என்று நம்பிய கல்வியாளர்கள் அப்போது பலர். மாக்சிம் கார்க்கி சுக்கோவ்ஸ்கிக்காகப் பரிந்து எழுதினார். மறு ஆண்டு கிரிமியாவின் அலூப்காவில், எலும்புருக்கி நோயோடு படுத்திருந்த பிள்ளைகளுக்கு முன்சாசன் பிரபுவின் புளுகுக் கதைகளைச் சுக்கோவ்ஸ்கி படித்துக் காட்ட, அவர்கள் சிரித்து மகிழ, அங்கிருந்த கல்வியாளர் வந்து தடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். மாயக்கதை எதுவும் காதில் விழாமல் மகனை வளர்த்த ஒரு தாயைப் பற்றியும் எழுதுகிறார். அந்தச் சிறுவன் தன் அறையில் ஒரு சிவப்பு யானை குடியிருப்பதாகத் தானே கதை கட்டிக்கொண்டானாம்!

எல்லாக் கதையும் எல்லா வயதுக்கும் என்று நான் சொல்லவில்லை. அஃபனாசியெவே அப்படி நினைக்கவில்லை. 1870-இல் குழந்தைகளுக்கென்று தனித் தொகுப்பு ஒன்றை அவரே தேர்ந்து வெளியிட்டார். பாதிரியார்களையும் படுக்கையறையையும் பற்றிய பச்சையான கதைகளைத் தனியே வைத்தார். அவை ஆசிரியர் பெயரில்லாமல் ஜெனீவாவில்தான் அச்சாயின. ரஷ்யாவில் வெளிப்படையாக வர சோவியத் ஆட்சி முடியும் தறுவாய்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கி. ராஜநாராயணன் திரட்டிய பாலியல் கதைகளை முகம் சுளிக்காமல் வரவேற்ற தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தொகுப்பும் தாராளமாக வரலாம், பெரியவர்களுக்கு என்று அட்டையில் அச்சிட்டு. வயதுக்கேற்பத் தேர்ந்தெடுப்பது பதிப்பாசிரியரின் கடமை. தேர்ந்தெடுத்த கதையின் முடிவை மாற்றுவதற்கு அதில் உரிமை கிடையாது.

அந்தோன் செகாவ் 1900-இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொல்கிறார். குழந்தை இலக்கியம் என்று தனியாக எழுதப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பெரியவர்களுக்கு எழுதியவற்றிலிருந்தே குழந்தைகளுக்குத் தேர்ந்து, மருந்தைப்போல் அளவறிந்து கொடுக்கத் தெரிய வேண்டும் என்கிறார். செருப்புத் தைப்பவனிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயது வான்கா, கிராமத்திலிருக்கும் தாத்தாவுக்கு முகவரியில்லாத கடிதம் எழுதும் கதையை அவர் பெரியவர்களின் செய்தித்தாளுக்குத்தான் எழுதினார். ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதைப் படிக்கிறார்கள். லியோ டால்ஸ்டாய் 1872-இல் வெளியிட்ட அரிச்சுவடியைத் தன் ஊரான யாஸ்னயா பல்யானாவின் விவசாயிகளுடைய பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய அனுபவத்தோடு எழுதினார். அதில் வரும் சிங்கம், தனக்கு இரையாகப் போடப்பட்ட நாய்க்குட்டியைத் தின்னாமல் கூட வைத்துக்கொள்கிறது. ஓராண்டு கழித்து நாய் இறந்துபோகிறது. வேறொரு நாயை உள்ளே விட்டால் கிழித்துப் போடுகிறது. இறந்த நாயை அணைத்தபடி ஐந்து நாள் கிடந்து, ஆறாம் நாள் தானும் சாகிறது. அவ்வளவுதான் கதை. இதைக் கேட்ட பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள், மறுமுறை வரும்போது இதையே திரும்பக் கேட்டிருக்கிறார்கள்.

நம் பாட்டிகளும் நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டதை மறைக்காமல்தான் சொன்னார்கள். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் அரக்கன் உயிர் இருப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ரஷ்யக் கதைகளில் வரும் சாகாத கொடியவன் கஷேயின் சாவு ஊசி முனையில், ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி கருவாலி மரத்தடியில் என்று படித்தால், அட, இது நம்ம கதை என்று தமிழ்ப் பிள்ளை துள்ளும். நான் வாங்கியதில் ஒரு தொகுப்பு அந்த முழுப் பகுதியையும் விட்டிருந்தது எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

மறுசொல்லலுக்கு நான் எதிரியில்லை. சோவியத் எழுத்தாளர் அலெக்சேய் டால்ஸ்டாய் ஒரு கதையின் பல வடிவங்களைப் படித்து, நல்ல வேரைத் தேர்ந்து, மற்றவற்றிலிருந்து உயிருள்ள சொற்களைச் சேர்த்துத்தான் எழுதினார். அந்த உழைப்புக்குப் பிறகு கை வைப்பது வேறு.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அஃபனாசியெவிலிருந்து ஒரு நல்ல தேர்வை ரஷ்ய மொழியிலிருந்தே நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். சோவியத் காலத்தில் ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் செய்த மொழிபெயர்ப்புகளை இன்றும் தேடிப் படிக்கிறோம். இன்று ரஷ்ய மொழி கற்ற தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்து, பெயரை அட்டையிலேயே போடுங்கள். ஓவியத்துக்கு இவான் பிலீபினைப் பாருங்கள். ரூபிள் நோட்டு அடித்த அரசு அச்சகத்துக்காக அவர் வரைந்த வசிலீசா, எரியும் மண்டையோட்டைக் கையில் ஏந்திக் காட்டில் நிற்பாள். அவர் 1942-இல் லெனின்கிராட் முற்றுகையில் இறந்துவிட்டார். இந்தியாவில் அந்தப் படங்களை அச்சிடப் பதிப்புரிமைத் தடை இல்லை. அஃபனாசியெவுக்கும் இல்லை. ஏற்கெனவே மாற்றி வெளியிட்ட தொகுப்புகளின் மறுபதிப்பில், முடிவு மாற்றப்பட்டது என்றும் மூலத்தில் எப்படி இருந்தது என்றும் பெற்றோருக்கு ஒரு பக்கமாவது எழுதிச் சேர்த்துவிடுங்கள். முழுமையான தொகுப்பு வந்தால் எங்கள் நூலகத்துக்கு முதல் பிரதிகளை நாங்களே பணம் திரட்டி வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் ஒரு வாசகர்