நல்லூருக்கு வரும் பிள்ளைகளும் கச்சான் காலத்துக் கடலும்

ஆசிரியருக்கு,

ஆடி பிறந்தால் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வான்கள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கிவிடும். கனடாவில் இருந்தும் நோர்வேயில் இருந்தும் பள்ளிக்கூட விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள், அவர்களை விடப் பெரிய பெட்டிகள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவதற்கு முன்னோ பின்னோ நாலைந்து நாள் கொழும்பில் நிற்பார்கள். அந்த நாலைந்து நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பெறாமகளின் குடும்பம் ஒஸ்லோவில் இருந்து அப்படித்தான் வந்தது. பேரனுக்கு 14 வயது, பேத்திக்கு 9. இரண்டு பேரும் நீச்சலுக்குச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். “கோயில் போதும் அம்மம்மா, ஏதாவது த்ரில்லாச் செய்வோம்” என்றான் பேரன். சரி என்று கொழும்புக்குத் தெற்கே ஒரு கரையோர விடுதியில் இரண்டு நாளுக்கு அறை எடுத்தோம். விடுதியின் பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய படத்தில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. அது தை மாசியில் எடுத்த படமாக இருக்க வேண்டும் என்று பிறகுதான் உறைத்தது.

இதில் என் பிழையும் இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை. ஆடி ஆவணியில் அங்கே கச்சான் காற்று. மேற்கே இருந்து தரை வழியாகச் சுட்டுக்கொண்டு வரும். வாயெல்லாம் மண், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சேலை கால் மணித்தியாலத்தில் மொறுமொறுத்துவிடும். ஆனால் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆடிக் கடல் என்றால் பிள்ளைகளை விடுகிற கடல் என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. (பேத்தி நல்லூர் வீதியில் கச்சான், அதுதான் நிலக்கடலை, வாங்கிக் கொறித்தவள். “கச்சான் விக்கிற ஆக்களின்ர காத்தா?” என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு கச்சானையும் விளங்கப்படுத்துவதற்குள் வவுனியா வந்துவிட்டது.)

கொழும்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 40 வருடமாகியும் இந்தப் பக்கக் கடலில் நான் கால் நனைத்ததோடு சரி. திருகோணமலைக்குத் தரைக்காற்றாக வருகிற அதே காற்று, இங்கே இந்துமாக்கடல் முழுவதையும் தாண்டி வந்து நேரே கரையில் மோதுகிறது. ரயில் தண்டவாளத்துக்கு மேலால் உப்புத் தூவானம் அடித்து என் சன்னல் கம்பி துருப்பிடிக்கிறது என்று வருடா வருடம் புலம்புகிறவள் நான். அதையும் இதையும் ஒன்றாக வைத்து யோசிக்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் காலை. கரையில் கொடியும் இல்லை, பலகையும் இல்லை. இரண்டு பக்கமும் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு மட்டும் நுரை இல்லாமல் கறுத்த தண்ணீர். அலை இல்லாத இடம் அதுதான் என்று பேரன் அதற்குள்ளேயே இறங்கினான். நான் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டிருக்க அவன் தலை தூரத்துக்குப் போனது. கரையைப் பார்த்து நீந்துகிறான், கை வீச்சில் குறை இல்லை, ஆனால் ஒரு முழம்கூடக் கிட்ட வரவில்லை. பெறாமகள் கத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினாள். அவளை மருமகன் பிடித்து இழுத்தார்.

கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் நிழலில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அவர்தான் எழுந்து வந்து இடது கையைப் பக்கவாட்டில் வீசி வீசிக் காட்டினார். “பெத்தட்ட! பெத்தட்ட!” பக்கத்துக்குப் போ என்று சிங்களத்தில் சொன்னார். பேரனுக்குச் சிங்களம் தெரியாது, கை விளங்கியது. கரைக்கு வருவதை விட்டுவிட்டு, கரையோடு சமாந்தரமாக நீந்தினான். வெள்ளை அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் அந்த அலையே அவனைத் தூக்கிக் கொண்டுவந்து மணலில் போட்டது. உப்புத் தண்ணீரை வாந்தியெடுத்தான். எல்லாம் நாலைந்து நிமிடம்தான். எனக்குக் கால் நடுக்கம் நிற்கப் பின்னேரமாகிவிட்டது.

அந்த மனிதர் மணலில் விரலால் கீறிக் காட்டினார். அலை கொண்டுவந்து குவிக்கிற தண்ணீர் எங்காவது திரும்பிப் போகத்தானே வேண்டும். ஆழமான ஒரு வாய்க்காலைப் பிடித்து அது வெளியே ஓடுகிறது. அந்த இடத்தில் அலை உடையாது, அதனால் அமைதியாகத் தெரியும். எதிர்த்து நீந்தினால் ஒலிம்பிக் வீரனும் களைத்துப் போவான். மிதந்துகொண்டு பக்கத்தால் விலக வேண்டும். அப்புறம் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: “வாரகன் காலம், கடல் புரளுகிற காலம் என்று நாங்களே வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டோம். நீங்கள் பிள்ளையை இறக்குகிறீர்களே!”

அடுத்த இரவே கோட்டையில் திருகோணமலை ரயில் ஏறினோம். கல்ஓயாவுக்குக் கிட்ட ரயில் ஊர்ந்தது. யானை கடக்கிற இடம் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதும் பிள்ளைகள் விடியும்வரை சன்னலை விடவில்லை. யானை வரவில்லை. நிலாவெளிக் கடல் நான் சிறுவயதில் விட்டுவந்தபடியே படுத்துக் கிடந்தது. 2003 இல் தேசியப் பூங்காவான புறாமலைத் தீவுக்கு வள்ளத்தில் போனோம். செட்டை நுனி கறுத்த சுறாக்கள் முழங்கால் தண்ணீரில் ஓடுவதைப் பார்த்துப் பேரன் மெல்லப் பின்வாங்கினான். ஆளைச் சீண்டாத சாதிதான், ஆனாலும் த்ரில் கிடைத்துவிட்டது. அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். கச்சான் தரையில் இருந்து அடிப்பதால் ரப்பர் வளையத்தில் மிதக்கிற பிள்ளையை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் கடல் நிலவரம் வெளியிடுகிறது. எந்தக் கடற்பரப்பு கொந்தளிப்பாக இருக்கும், காற்று எவ்வளவு வேகம் என்று அதில் இருக்கிறது. அது மீனவர்களுக்கு என்று நினைத்து நாங்கள் தாண்டிப் போய்விடுகிறோம். வைகாசி முதல் புரட்டாதி வரை அதை முதற்பக்கத்தில் ஒரு பெட்டியாகப் போடுங்கள். “இன்று மேற்கு, தெற்குக் கரைகளில் குளிக்க வேண்டாம்” என்று வீட்டுத் தமிழில் ஒரு வரி போதும். சிவப்புக் கொடி நின்றால் இறங்கக்கூடாது, சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும் என்பதையும் கூடவே போடலாம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடிகள் தெரியும். வீட்டில் இருக்கிற எங்களைப் போன்ற அம்மம்மாமாருக்குத்தான் தெரியாது.

நத்தார் விடுமுறைக்கும் வரப்போகிறார்களாம். “அப்ப எந்தப் பக்கம்?” என்று பேத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். மார்கழியில் வாடை, கடல் அந்தப் பக்கம் புரளும், திருகோணமலைக்குக் கோணேசரைக் கும்பிட மட்டும் போவோம், குளிப்பு இந்தப் பக்கம் என்று பதில் போட்டேன். அந்த வலைக்காரருக்கு ஒஸ்லோவில் இருந்து ஒரு கம்பளித் தொப்பி கொண்டுவருகிறாளாம். அவர் அதை இந்த வெயிலில் என்ன செய்வாரோ தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6