சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு விமானம் மாறாமல் போக வழி செய்யுங்கள்: காட்பாடியிலிருந்து ஒரு மடல்

மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு விமானம் விடுவது என்று முடிவு செய்யும் விமான நிறுவன அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

காட்பாடி காந்தி நகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் பொழுது சாய்ந்ததும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் டல்லாஸில் இருப்பார்கள், இல்லாவிட்டால் நியூஜெர்சியில், டொரன்டோவில். பேரனோ பேத்தியோ பிறக்கப்போகிறது என்றால் மாத்திரை டப்பா, பிரசவ லேகியம், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இவர்கள்தான் கிளம்புவார்கள். அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவர் என் அம்மா.

அம்மாவுக்கு வயது 73. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. தமிழும், எல்லையோர ஊர் என்பதால் கொஞ்சம் தெலுங்கும் தெரியும். தங்கையின் பிரசவத்துக்காகத் தனியாகப் போனார். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். விடியற்காலை விமானத்துக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கே வீட்டிலிருந்து காரில் புறப்பட்டோம். மீனம்பாக்கத்தில் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். நடுவில் இறங்கிய ஊரில் அடுத்த விமானம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. நாற்காலியைத் தள்ளி வந்த பையன் ஒரு சுவர் ஓரமாக நிறுத்திவிட்டு, வேலை நேரம் முடிந்து போய்விட்டான். அம்மாவின் போனில் சிக்னல் இல்லை. அங்கே இருந்த வைஃபைக்கு ஓடிபி வேண்டும், சிக்னல் இல்லாத போனுக்கு ஓடிபி எப்படி வரும்? பதினொரு மணி நேரம். கழிவறைக்கு யாரைக் கேட்டுப் போவது என்ற பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். கடைசியில் ஒரு தெலுங்குக் குடும்பம் விசாரித்து, தங்கைக்குப் போன் போட்டுக் கொடுத்தது. அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரையோ ஊரின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. எந்த நிறுவனமாக இருந்தாலும், நடுவழியில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்று இருக்கிற வரை யாருடைய அம்மாவுக்கும் இது நடக்கும். அதனால்தான் தனிப் புகாராக அனுப்பாமல் பொது மடலாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து லண்டனுக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் நேர் விமானங்கள் பறந்துவருகின்றன. லண்டன் சுமார் 8,200 கி.மீ., ஃபிராங்ஃபர்ட் சுமார் 7,600 கி.மீ. ஆனால் வட அமெரிக்காவுக்கு மட்டும் சென்னையிலிருந்து ஒரு நேர் விமானமும் கிடையாது. தூரம்தான் காரணம் என்று சொன்னால் ஏற்க முடியவில்லை. 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா விமானம் நிற்காமல் பறந்து வந்தது. விமானி அறையில் இருந்த எல்லோரும் பெண்கள். கேப்டன் ஸோயா அகர்வால் தலைமையில் வடதுருவத்தின் மேலாக வந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்து எங்கள் தெருவே பூரித்துப் போனது. இரு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கி.மீ. உருண்டையான பூமியில் அளந்து பார்த்தால் சான்பிரான்சிஸ்கோவுக்குப் பெங்களூரைவிடச் சென்னை கொஞ்சம் பக்கம்கூட. நியூயார்க் இன்னும் பக்கம், சுமார் 13,500 கி.மீ. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,000 கி.மீ.க்கு மேல் நிற்காமல் போகிறார்கள்.

இன்னொன்றையும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல. பெங்களூர் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று லேசாகும், இன்ஜினின் உந்துவிசையும் இறக்கை தூக்கும் பலமும் குறையும். அதனால் எரிபொருளை நிரப்பிக்கொண்டு கிளம்பும் விமானத்தில் ஆட்களையோ சரக்கையோ குறைக்க வேண்டி வரும். மீனம்பாக்கம் கடலோரச் சமதரை. முதன்மை ஓடுபாதை 3,600 மீட்டருக்கு மேல் நீளம். வெயில் தணிந்த நடுராத்திரியில் கிளம்பினால் இன்னும் நல்லது. இயற்கை இந்த ஊருக்கு எதிராக இல்லை.

அனுமதிக்கும் தடையில்லை. 2005-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட திறந்த வான் ஒப்பந்தப்படி இரு நாட்டு நிறுவனங்களும் எந்த ஊருக்கும் எத்தனை விமானம் வேண்டுமானாலும் விடலாம்.

சரி, ஆள் போதாது என்பீர்கள். இங்கேதான் எங்கள் வட ஆர்க்காட்டுக்காரர்களின் கணக்கு தவறிப் போகிறது என்று நினைக்கிறேன். நாங்கள் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவில் இருக்கிறோம். மீனம்பாக்கம் சுமார் 130 கி.மீ. சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி 200 கி.மீ.க்கு மேல். எந்தப் பக்கம் டிக்கெட் மலிவோ, எந்தப் பக்கம் மாறுவது சுலபமோ அந்தப் பக்கம் போகிறோம். ஒரே தெருவில் எதிர் வீட்டுக்காரர் பெங்களூர்ப் பயணி, நான் சென்னைப் பயணி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் மொத்தப் பயணமும் எந்தப் பட்டியலிலும் ஒன்றாகத் தெரியாது. சென்னையிலிருந்து நேராக ஒரு விமானம் இருந்தால், கோலார் வழியாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

முன் இருக்கைகளில் உட்காரும் வியாபாரப் பயணிகள்தான் நீண்ட தூர விமானத்தை லாபத்தில் ஓட்டுகிறார்கள் என்றும் தெரியும். அவர்களும் இங்கே இருக்கிறார்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலும் ஷூவும் வெளிநாட்டுக்கு அனுப்பிப் பிழைக்கும் ஊர்கள். மாதிரி ஷூ ஒரு வாரம் தாமதமானால் ஆர்டர் கைமாறிவிடும் என்று அந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். அந்த ஷூப் பெட்டிகளில் பல பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா நிறுவனத்தின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு மாணவர்கள் போகாத ஆண்டு கிடையாது. அப்புறம் வேலூர் சிஎம்சி மருத்துவமனை. ராணிப்பேட்டையில் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவம் படித்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கி அதை உருவாக்கியவர் ஐடா ஸ்கடர். அவர் கப்பலில் வந்த காலத்திலிருந்தே வேலூருக்கும் நியூயார்க்குக்கும் போக்குவரத்து இருக்கிறது.

உங்கள் சங்கடங்களும் புரியாமல் இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து அமெரிக்கா போன விமானங்களே சுற்றிக்கொண்டு போய், சில நேரம் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் போட வேண்டியிருந்தது. அதனால் நான் கேட்பதைக் கொஞ்சம் இறக்கியே கேட்கிறேன். நிற்காமல் போக முடியாவிட்டால் நடுவில் ஒரு இடத்தில் நில்லுங்கள். எரிபொருள் போடுங்கள், விமானிகளை மாற்றுங்கள். ஆனால் அதே விமானம், அதே இருக்கை. மீனம்பாக்கத்தில் உட்கார்ந்த அம்மா நியூயார்க்கிலோ சான்பிரான்சிஸ்கோவிலோ எழுந்தால் போதும். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனாலும் எங்கள் பெரியவர்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டார்கள். தினமும் வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். டிசம்பர், ஜூன் மாதங்களில் இருக்கை கிடைக்காமல் நீங்களே நாலாவது நாளைச் சேர்ப்பீர்கள்.

பரந்தூரில் புது விமான நிலையம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுவிடாதீர்கள். பரந்தூர் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் நிலத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் போராடிவருகிறார்கள். அவர்களுக்கு நியாயம் கிடைத்த பிறகே அங்கே செங்கல் வைக்க வேண்டும். இருக்கிற ஓடுபாதையிலேயே இந்த விமானத்தைக் கிளப்ப முடியும்.

கூடவே ஒரு சின்ன வேண்டுகோள், இதற்கு மாநில அரசும் கைகொடுக்க வேண்டும். பெங்களூர் விமான நிலைய வாசலிலிருந்து மைசூருக்கு ஃபிளைபஸ் என்று நேர் பேருந்து போகிறது. அதேபோல மீனம்பாக்கத்து வாசலிலிருந்து ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடிக்கு ஒரு பேருந்து விடுங்கள். நள்ளிரவு தாண்டி இறங்குகிறவர்களுக்கும் ஒரு நடை வேண்டும். பெட்டிகளோடு வெளியே வருகிற வயதானவர்கள் அந்நேரத்தில் வாடகைக் காரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கும் நிலை மாற வேண்டும்.

வரும் ஆவணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. அம்மாவுக்குப் போக ஆசைதான், கல் வைத்த தோடு ஒன்றும் வாங்கி வைத்துவிட்டார். டிக்கெட் என்று பேச்செடுத்தால் மட்டும், "நடுவுல எங்கயும் எறக்கி விட்டுட மாட்டாங்களேப்பா?" என்று கேட்கிறார். அவருக்குச் சொல்வதற்கு உங்களிடமிருந்து ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
காந்தி நகர்வாசி ஒருவன்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்