சந்தா நோட்டில் இல்லாத பிரிவு மிஹ்ராபில் எதற்கு?

பாரிஸ் புறநகர்களில் இயங்கும் சோனின்கே கிராமச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மோந்த்ரேய் தொழிலாளர் விடுதி ஒன்றின் தொழுகைக் கூடத்தில் பல ஆண்டுகளாக உங்கள் வரிசையில் நின்று ஜும்ஆ தொழுதுவரும் தமிழ் முஸ்லிம் ஒருவன் எழுதும் மடல் இது. பிறப்பைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் உங்கள் ஊர் விவகாரத்தில் வெளியாள் வாய் திறப்பது முறையா என்ற தயக்கத்தில் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். ஒரே இமாமின் பின்னால் நிற்பவனுக்கு இமாம்களைப் பற்றிப் பேசும் உரிமை சிறிதேனும் உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

மாலியின் காயெஸ், செனகலின் பக்கேல், மொரிட்டானியாவின் கிடிமாக்கா ஆகிய செனகல் ஆற்றுப் பகுதிகளிலிருந்து 1960களில் வந்த சோனின்கே மக்களான உங்கள் தந்தையர் எப்படிப்பட்ட இடங்களில் தங்கினார்கள் என்பதற்கு, 1970 ஜனவரியில் ஓபர்வில்லியே விடுதியில் குளிருக்கு மூட்டிய நெருப்பின் புகையில் ஐந்து ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்ததே சாட்சி. அந்த நிலையிலும் சந்தா சேர்த்து, ஊரில் பள்ளிவாசலும் மருந்தகமும் பள்ளிக்கூடமும் கிணறும் எழுப்பினார்கள். இங்கே இறப்பவரின் உடலை ஊர் மண்ணுக்கு அனுப்பும் செலவையும் சங்கமே ஏற்றுவருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைத் தேநீர் குவளை கைமாறிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக வந்து மேசைமேல் யூரோ நோட்டை வைப்பதையும், பொருளாளர் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு நேரே குறிப்பதையும் பார்த்திருக்கிறேன். அதில் ஹூரோவுக்கு ஒரு தொகை, கோமோவுக்கு ஒரு தொகை என்று பிரித்து எழுதி நான் கண்டதில்லை.

(தமிழில் படிப்பவர்களுக்காக: ஆட்சியாளர்களும் மோதினு எனப்படும் மார்க்க அறிஞர் குடிகளும் அடங்கிய மேற்குடியினர் ஹூரோ, கொல்லர், தோல் தொழிலாளர், புகழ்பாடுவோர் ஆகிய தொழிற்குடிகள் அவர்களுக்கு அடுத்தவர்கள், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோர் கோமோ.)

1905இல் மாலியின் பனம்பாவில் சோனின்கே எசமானர்களை விட்டு அடிமைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறத் தொடங்கினார்கள். மொரிட்டானியா அடிமை முறையை 1981இல் ஒழித்து, 2007இல் அதைக் குற்றமாக்கியது. இருந்தும் கோமோ என்ற சொல் ஊரில் சாகவில்லை. ‘நாங்கள் யாருடைய கோமோவும் அல்ல’ என்று சொன்ன குடும்பங்களுக்குக் கிணறும் வயலும் கடையும் மறுக்கப்பட்டதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். புலம்பெயர்ந்த சோனின்கேக்களிடையே சமத்துவம் கேட்டு உருவான கன்பனாகு இயக்கம் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் வழியே ஊர்களுக்குப் பரவியது. 2020 செப்டம்பரில் காயெஸ் பகுதியின் ஜான்ஜுமே கிராமத்தில் இந்த அடிமை முறையை எதிர்த்த நால்வர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

‘யாரும் யாரையும் வேலை வாங்குவதில்லை, இது வெறும் வழக்கம்’ என்று உங்களில் மூத்த ஒருவர் என்னிடம் சொன்னார். நானும் சாதி பார்க்கும் ஊரில் பிறந்தவன்தான். ‘வெறும் வழக்கம்’ என்ற சொல்லை மேலே இருப்பவர்களின் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருக்கிறேன். வெறும் வழக்கம் என்றால், குர்ஆனை மனனம் செய்த கோமோ வீட்டுப் பிள்ளையை, இமாம் நின்று தொழுகை நடத்தும் மாடமான மிஹ்ராபுக்கு அனுப்பத் தயங்குவது ஏன்? மக்கா வெற்றியன்று கஅபாவின் மேலேறி பாங்கு சொல்ல நபிகளார் தேர்ந்தெடுத்தது விடுதலை பெற்ற அடிமையான பிலாலைத்தான் என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே கற்பிக்கிறீர்கள்.

முடிவுகள் ஊர்ச் சபையில் எடுக்கப்படுகின்றன, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சபை உங்கள் தொலைபேசி அழைப்புக்காகவும் உங்கள் பணத்துக்காகவும் காத்திருக்கும் சபை. ஒரு குடும்பத்துக்கு மூடப்பட்ட கிணற்றின் பம்பைப் பழுதுபார்க்கச் சங்கப் பணம் போகாது என்று நீங்கள் முடிவெடுத்தால், மூடியவர்கள் யோசித்தே ஆக வேண்டும். எல்லோரும் சந்தா கொடுத்துக் கட்டிய பள்ளிவாசலில் இமாமை அவருடைய ஓதலையும் ஒழுக்கத்தையும் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சங்க விதிகளில் சேர்த்து, அடுத்த பொதுக்கூட்டத்தில் சோனின்கே மொழியில் உரக்க வாசியுங்கள். தலைவர், செயலாளர் பதவிகளுக்கும் பிறப்பைப் பார்க்காதீர்கள் என்றே கேட்கிறேன்.

அந்த வாசிப்பின் குரல் பதிவு அன்றிரவே ஊருக்குப் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசையில் தொழும் ஒருவன்