தத்து முகாமில் நாட்டு நாய்க்குட்டியைத் தந்த அக்காவுக்கு

குட்டியைக் கையில் கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்திருக்கும், அக்கா. யாரும் கேட்காமலே தடுப்பூசி அட்டையைப் பிரித்து அடுத்த தேதிகளைக் குறித்தீர்கள்: குட்டிகளைக் கடும் வயிற்றுப்போக்கில் தள்ளும் பார்வோ வைரஸ் நோய்க்கான கூட்டு ஊசி 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை, வெறிநோய் ஊசி 3 மாதத்தில். “எல்லா ஊசியும் முடியாம தெருவுல இறக்காதீங்க, பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா கிடக்கும்” என்றீர்கள். அட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

அதைவிடப் பெரிய உதவி, பழைய தீனியில் ஒரு பொட்டலம் கட்டித் தந்தது. புதுத் தீனியைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று ஒரு வாரத்தில் ஏற்றச் சொன்னீர்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும். பார்வோவோ என்று வீடே பதறும்.

காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடவும், ஈறு வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலோ என்று உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போகவும் காட்டிக் கொடுத்தீர்கள். உங்கள் பெயர் தெரியாது. இதைப் படித்தால் வந்து குட்டியைப் பாருங்கள், அக்கா. நன்றி.