பேய்ப் பட்டியலில் எங்கள் ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூரில் இரவில் போகக் கூடாத இடங்கள் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரை, மஞ்சக்குப்பத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, முதுநகர் போகும் வழியில் சாலையோரம் கிடக்கும் ‘பலிக்கல்’ என்று படங்களோடு வெளியிட்டிருக்கிறீர்கள். நான் மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவன். இந்த ஊர்த் தெருக்களைப் பகலில் பார்த்ததைவிட இரவில் பார்த்ததுதான் அதிகம். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பலிக்கல் அல்ல, சுமைதாங்கி. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் கை உதவி இல்லாமலே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிவிட்டு, மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொண்டு போகத் தோதான உயரம் அது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நடுவது வழக்கம். சுமையை இறக்காமலே போனவள் ஆவியாக அலைவாள், வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் சுமையை இறக்கும்போதெல்லாம் அவள் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. சில கற்களில் இறந்தவள் பெயரும் நட்டவர் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும்.

பேய் பற்றிய பயத்தில் பிறந்த கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் என்ன செய்தது என்று பாருங்கள். நெல் மூட்டை சுமந்தவர்களுக்கும், துறைமுகத்திலிருந்து மீன்கூடையோடு நடந்த பெண்களுக்கும் கழுத்தை நிமிர்த்த ஓர் இடம் கொடுத்தது. அதே கல்லின் மேல் இன்று யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்து, குங்குமத்தைக் கொட்டி, நள்ளிரவில் கேமராவோடு போய், நரபலி கொடுத்த இடம் என்று யூடியூபில் போட்டிருக்கிறார்கள். அதை விசாரிக்காமல் நீங்களும் அச்சில் ஏற்றிவிட்டீர்கள். பிள்ளை பெற முடியாமல் செத்த ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியாது.

பேய் உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. உப்பனாற்றுச் சேற்றுப் பக்கம் கொள்ளிவாய்ப் பிசாசு தெரிகிறது என்பார்கள். அழுகிய செடிகொடிகளிலிருந்து கிளம்பும் வாயு தீப்பற்றுவதுதான் அது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நான் பேச வந்தது வேறு.

ராத்திரி வேளையில் பியூஸ் போட்டுத் தரக் கூப்பிடுவார்கள். நாங்கள் கம்பத்தில் ஏறியிருக்கும்போது கீழே டார்ச் பிடித்து நிற்கிறவர் சும்மா நிற்பதில்லை, பேசிக்கொண்டே இருப்பார். அப்படித்தான் இந்த ஊரின் பேய்க் கதைகள் எல்லாம் என் காதுக்கு வந்தன. மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும், அது வெள்ளைக்காரச் சிப்பாய் என்று ஒரு கதை. கிழக்கிந்தியக் கம்பெனி 1690-இல் மராட்டியரிடம் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள கிராமங்களைத் தனதாக்கிக்கொண்ட ஊர் இது. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் அதே செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்கள். 1783 ஜூன் 13 அன்று இரண்டு வெள்ளைக்காரப் படைகளும் இங்கே மோதியதில் ஒரே பகலில் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். அவர்களோடு விழுந்த நம் நாட்டுச் சிப்பாய்களுக்குக் குதிரையும் இல்லை, கதையும் இல்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம்.

மற்றபடி நான் கேட்ட கதைகளில் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்தப் புளியமரத்தில் இருக்கிறாள் என்று சொன்னால், அவள் யார் மகள், எந்த ஊரில் பிறந்து இங்கே வாழ வந்தாள், எத்தனை மாதக் கர்ப்பம், எந்த ஆடி மாதத்தில் போனாள் என்பது வரை சொல்வார்கள். கொல்லைக் கிணற்றில் விழுந்தவர்கள் உண்டு. ஸ்டவ் வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உண்டு. ஸ்டவ் வெடித்தது என்று காகிதத்தில் எழுதி முடித்துவிட்டார்கள், ஆனால் தெரு அப்படி முடிக்கவில்லை. உச்சி வேளையில் மாமியார் வீட்டு வாசலில் தலைவிரி கோலமாக அவள் நிற்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்த வீட்டுக்கு இன்னொரு பெண்ணைக் கொடுக்க அக்கம்பக்கத்து ஊர்கள் யோசித்தன. வெளிப்படையாகச் சொல்லத் துணியாததைத்தான் தெரு பேயாகச் சொன்னது. இது நியாயம் கிடைத்ததாக ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அவளைப் பற்றி எஞ்சிய ஒரே சாட்சி அதுதான்.

மாசி மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளை நடத்தும் வட்டாரம் இது. சுடுகாட்டுக்கே படையலோடு போகிற மக்கள் நாங்கள். இறந்தவர்களிடம் எங்களுக்குப் பயம் மட்டும் இருந்ததில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது கம்பங்களோடு மரங்களும் வேரோடு சாய்ந்தன. ஊரே இருட்டில் கிடந்த அந்த நாட்களில், ஒரு தெருவில் சாய்ந்த புளியமரத்தை அறுத்து வழி எடுத்துக்கொண்டிருந்தோம். வயதான ஓர் அம்மா அருகில் வந்து, “மரம் போய்விட்டதே, இனி அவள் எங்கே போய் இருப்பாள்?” என்று கேட்டார். உண்மையான கவலையோடு கேட்டார்.

இப்போது கடலூர் மாநகராட்சி ஆகிவிட்டது. நாகப்பட்டினம் சாலையை நான்கு வழியாக்கப் புளியமரங்கள் போயின. திருப்பாதிரிப்புலியூரில் கிணற்றைத் தூர்த்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல நான் யார்? வெளிச்சம் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் என் வேலையே. ஆனாலும் மரமும் கிணறும் போனதோடு பேய்கள் போய்விடவில்லை. புதிய குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் ஒரு மாடியில் தானாக நிற்கிறது என்று குழந்தைகள் பேசிக்கொள்கிறார்கள். விசாரித்தேன். கட்டடம் எழும்பியபோது அந்த மாடியில் சாரத்திலிருந்து ஒரு வடநாட்டுத் தொழிலாளி விழுந்து இறந்திருக்கிறார். அவர் பெயர் அங்கே குடியிருக்கும் யாருக்கும் தெரியவில்லை, எந்தப் பலகையிலும் இல்லை. லிஃப்ட்டைப் பற்றி மிரண்டு பேசும் அந்தக் குழந்தைகள்தான் இன்னும் அவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். மஞ்சக்குப்பத்து வீடு பூட்டிக் கிடப்பது பாகப்பிரிவினை வழக்கினால். அதன் பக்கத்துப் பகுதியில் வயதான பெண்கள் குடியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் படம் பரவியது முதல் இளைஞர்கள் நள்ளிரவில் சுவர் ஏறிக் குதிக்கிறார்கள், கத்துகிறார்கள், ஜன்னலில் விளக்கடிக்கிறார்கள். பேய் வீட்டுக்கு இவ்வளவு விலையா என்று தரகர்கள் வாசலில் நின்று பேரம் பேசுகிறார்கள். வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களை வீட்டைவிட்டு விரட்டுகிற கதைக்கு உங்கள் பத்திரிகை துணை போகலாமா?

கடற்கரையைப் பற்றி எழுதியதுதான் என்னை அதிகம் வருத்தியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேவனாம்பட்டினத்தில் கம்பங்களை மறுபடி நட்ட ஆட்களில் நானும் ஒருவன். பொழுது சாய்ந்தால் கடல் பக்கமிருந்து பிள்ளைகள் கூப்பிடும் குரல் கேட்கிறது என்று அங்கே சொன்னார்கள். சொன்னவர்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார். எங்களில் யாரும் அதைப் பேய்க் கதையாக வெளியே கொண்டுவரவில்லை. அவர்கள் இன்றும் அதே குப்பத்தில் இருக்கிறார்கள், மாசி மகத்துக்கு அதே கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருகின்றன. அந்த இடத்துக்கு ‘நடுங்க வைக்கும் கடற்கரை’ என்று தலைப்புப் போட்டது சரியல்ல. ஆசிரியர் என்ற முறையில் அந்த மக்களிடம் நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பேய்க் கதைகளை எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். முதுநகரிலும் சிங்காரத்தோப்பிலும் எண்பது வயது கடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் எந்த மரத்தடியில் யார் இருந்தாள் என்று கேட்க ஆள் இருக்காது. செத்தது யார், எப்படி, எதனால் என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதுங்கள். குடும்பத்தார் இருந்தால் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். வீட்டுப் படமும் தெருப் பெயரும் வேண்டாம்.

அந்தச் சுமைதாங்கியைச் சாலை வேலைக்காகப் பெயர்த்தவர்கள் மூன்று துண்டாக வடிகால் ஓரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். குறுக்குக் கல் உடையவில்லை. பக்கத்திலேயே பஸ் நிறுத்தத்துக்கு விட்ட இடத்தில் அதை நிமிர்த்தி நிறுத்தலாம், செலவு அதிகம் பிடிக்காது. இதைப் பற்றி நீங்கள் நாலு வரி எழுதினால் அதிகாரிகள் கண்ணில் படும். உங்கள் நிருபரை அனுப்பினால் இடத்தை நானே காட்டுகிறேன். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் வரச் சொல்லுங்கள், அப்போதுதான் கல்லில் உள்ள எழுத்தைப் படிக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்வாரியப் பணியாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.