ஸ்கூல் கேட்டுல இருந்து 50 மீட்டர் அளந்து பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பி.டி. மாஸ்டரா வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவன். உடம்பு பெருத்துப் போறதப் பத்தி யார் பேசினாலும் ‘வாயக் கட்டு, காலையில நட’ன்னு அந்த ஆளுக்கே புத்தி சொல்றாங்க, அதுல எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம் இருக்கு சார், அதான் இந்த லெட்டர்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21ல நம்ம தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல, ஆம்பளைங்கள்ல 37 சதவீதம் பேரு இருக்க வேண்டியதவிட கூடுதல் எடைன்னு வந்துச்சு. அதுக்கு முந்தின 2015-16 கணக்குல பொம்பளைங்க 31, ஆம்பளைங்க 28. நாலஞ்சு வருசத்துல இவ்வளவு ஏறிருக்குன்னா, ஊரே ஒண்ணா சேந்து திடீர்னு சோம்பேறி ஆயிடுச்சுன்னா அர்த்தம்? சுத்தி இருக்கறது எல்லாம் மாறிடுச்சு சார்.

எங்க தெருவுல இருக்கற ஒரு ஸ்கூல் வாசல்ல சாயங்காலம் நாலு மணிக்கு பேரனக் கூப்பிட போய் நிப்பேன். பெல் அடிச்சதும் புள்ளைங்க நேரா பெட்டிக் கடைக்குத் தான் ஓடுதுங்க. சரம் சரமா அஞ்சு ரூபா பத்து ரூபா பாக்கெட் தொங்குது, கீழ ஐஸ் பெட்டிக்குள்ள கலர் கலரா ஜூஸ் பாட்டில். ஒரு நாள் பேரன் குடிச்சுட்டுப் போட்ட பாட்டில எடுத்து கண்ணாடி போட்டு பின்னாடி இருக்கற பொடி எழுத்தப் படிச்சேன், 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரைன்னு போட்டிருக்கு, பாட்டில் 250 மில்லி, அப்போ 32 கிராமுக்கு மேல வருது. வீட்டுக்கு வந்து சமையல் தராசுல சர்க்கரைய அளந்து ஒரு தட்டுல கொட்டி மருமகளக் கூப்பிட்டு காட்டினேன், அந்தப் புள்ள ஒண்ணும் பேசாம தட்டையே பாத்துட்டு நின்னுச்சு. பெரியவங்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிறுத்திக்கிட்டா நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இது எட்டு வயசுப் பையன் ரெண்டு நிமிசத்துல குடிச்சு முடிச்சது.

இதுக்கு சட்டம் இல்லாம இல்ல. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமா உள்ள தின்பண்டத்த ஸ்கூலுக்குள்ளயும் கேட்டுல இருந்து 50 மீட்டருக்குள்ளயும் விக்கக் கூடாதுன்னு மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2020லயே விதி போட்டாச்சு. வருசக் கணக்கா கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான், 50 மீட்டர் எவ்வளவுன்னு கண்ணால பாத்தே சொல்லுவேன், அந்தக் கடை கேட்டுல இருந்து பன்னண்டு தப்படி. கடை வச்சிருக்கற அம்மா மேல எனக்கு கோபம் இல்ல, அது பொழப்பு. அவங்க முன்னாடி கொய்யாக்கா, நெல்லிக்கா, அவிச்ச கடல தான் வித்தாங்க, பாக்கெட்டுக்கு கம்பெனிக்காரனே வந்து ஸ்டாண்ட் மாட்டிக் குடுத்துட்டுப் போறான், கொய்யாவுக்கு யார் வந்து குடுப்பா? கடைய எடுன்னு விரட்டறத விட பழமும் சுண்டலும் விக்கிறதுக்கு பஞ்சாயத்தோ நகராட்சியோ அவங்களுக்கு ஒரு தள்ளுவண்டி குடுக்கலாம். காலை உணவுத் திட்டம்னு 2022ல ஆரம்பிச்சு அரசு ஸ்கூல்ல சின்னப் புள்ளைங்களுக்கு காய்கறி சாம்பாரோட பொங்கலும் உப்புமாவும் போடறோம், நிஜமாவே பெருமையான விசயம், அதே புள்ள சாயங்காலம் வாசல்ல இத வாங்கித் திங்குதுன்னா காலையில பட்ட பாடு என்னத்துக்கு?

இன்னொண்ணு என் தொழில் சம்பந்தப்பட்டது, இதச் சொல்லாம இருக்க முடியல. பி.டி. பீரியட். டைம் டேபிள்ல இருக்கும், ஆனா போர்சன் முடியலன்னு கணக்கு டீச்சர் வந்து கேப்பாங்க, ஹெச்.எம். தலையாட்டுவாரு, நான் விசில பாக்கெட்டுல போட்டுட்டு ஸ்டாஃப் ரூம்ல உக்காருவேன். எத்தன தடவ அப்படி உக்காந்திருக்கேன். உதயநிதி விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்தப்ப மேடையிலேயே பி.டி. பீரியட கடன் வாங்காதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு, இன்னமும் வாங்கத் தான் செய்யறாங்க. புள்ளைங்களுக்கு தினமும் ஒரு மணி நேரம் உடம்பு அசையணும்னு சொல்றாங்க, இங்க வாரத்துக்கு ரெண்டு பீரியட், அதுவும் போச்சு. பல ஸ்கூல்ல கிரவுண்டே வேன் நிறுத்தற எடமா ஆயிடுச்சு.

பொம்பளப் புள்ளைங்க கதை இன்னும் மோசம். ஆறாவதுல கோ-கோ ஆடும்போது மான் மாதிரி பாயற புள்ள, ஒன்பதாவது வந்ததும் கிரவுண்டு ஓரமா துப்பட்டாவ இழுத்து விட்டுக்கிட்டு நிக்கும். வயசுக்கு வந்துட்டா, வெயில்ல ஆட வேணாம்னு வீட்டுல சொல்லிடுவாங்க, ஸ்கூல்லயும் யாரும் வற்புறுத்தறதில்ல. அதுக்கப்புறம் காலேஜ், கல்யாணம், கொழந்தைன்னு அவங்க ஓடி ஆடற சந்தர்ப்பமே வராது, நான் மேல சொன்ன 40 சதவீதத்தோட தொடக்கம் எனக்கு அந்த கிரவுண்டு ஓரத்துல தான் தெரியுது.

குண்டா இருக்கற பையன ‘பூசணிக்கா’ன்னு கூப்பிடறத வாத்தியாருங்களே பண்றாங்க, தயவு செஞ்சு நிறுத்துங்க. அப்படிக் கூப்பிட்டதுக்கு அப்புறம் ஒரு பையன் டிரில் டே அன்னைக்கு எல்லாம் வயித்து வலின்னு லீவு போட ஆரம்பிச்சத நான் கண்ணால பாத்தேன். அவன தனியா சாயங்காலம் வரச் சொல்லி குண்டு எறிய பழக்கினேன், மூணே மாசத்துல மத்த பசங்களோட சேந்து ஓடவும் ஆரம்பிச்சான்.

உங்க பேப்பர் நிருபருங்க ஒவ்வொரு ஊர்லயும் இருக்காங்க. ஆளுக்கு ஒரு ஸ்கூல் வாசல்ல சாயங்காலம் நாலு மணிக்கு டேப் வச்சு அளந்து, 50 மீட்டருக்குள்ள என்னென்ன விக்கிறாங்கன்னு போட்டோவோட போடுங்க சார். எங்க ஊருக்கு வந்தா சொல்லுங்க, லாங் ஜம்ப் அளக்கற டேப் இன்னும் என்கிட்ட இருக்கு, நானே ஒரு முனையப் பிடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர்,
திண்டுக்கல் மாவட்டம்.